எதிர்ப்பு ரகத்திலும் இலை சுருள்வது ஏன்? பயிர் வைரஸ்களின் மரபணு மறுசேர்க்கை: தருமபுரி, கிருஷ்ணகிரி விவசாயிகளுக்கு ஒரு விளக்கம்

இலைச்சுருட்டையைத் தாங்கும் என்று அச்சடித்த உறையைப் பார்த்து விதை வாங்குகிறோம். நாற்று விட்டு, நட்டு, குச்சி ஊன்றிக் கயிறு கட்டுகிறோம். நாற்பதாம் நாள் தோட்டத்துக்குப் போனால் கொழுந்து மஞ்சளடித்து, இலை கிண்ணம்போல் மேல்நோக்கிச் சுருண்டு, செடி குட்டையாக நிற்கிறது. பாலக்கோட்டிலிருந்து ராயக்கோட்டை வரை தக்காளி போடுகிற எல்லோருக்கும் பழகிய காட்சி இது. உடனே இரண்டு விளக்கங்கள் கிளம்பும். விதை போலி என்பது ஒன்று. ஏதோ புது வைரஸ் உருமாறி வந்துவிட்டது என்பது இன்னொன்று.

இரண்டாவது விளக்கத்தில் அறிவியல் உண்மை இருக்கிறது. வைரஸ்கள் ஒன்றோடொன்று மரபணுக்களைக் கலந்து புதுத் திரிபுகளை உண்டாக்குகின்றன. உலகின் பெரிய பயிர்ச் சேதங்கள் சிலவற்றுக்கு அந்தக் கலப்பு காரணமாக இருந்திருக்கிறது. ஆனால் சுருண்ட இலை எல்லாம் அதனால் வந்தது என்று முடிவு கட்டினால், தடுக்கக்கூடிய காரணங்கள் கண்ணில் படாமல் போய்விடும். எனவே அடிப்படையிலிருந்து தொடங்குவோம்.

முதலில் சில சொற்கள்

வைரஸ் என்பது புரத உறைக்குள் பொதிந்த மரபுச் செய்தி. வேளாண் அலுவலர்கள் நச்சுயிரி என்பார்கள். அந்தச் செய்தி டி.என்.ஏ.வாகவோ ஆர்.என்.ஏ.வாகவோ இருக்கும். இரண்டுமே நான்கே வகை எழுத்துகளால் எழுதப்பட்ட நீண்ட வரிகள் என்று வைத்துக்கொள்ளலாம்.

திரிபு என்றால் ஒரே வைரஸ் இனத்துக்குள் சிற்சில வேறுபாடுகளோடு இருக்கும் கிளை. இங்கே ரகம் என்ற சொல்லைப் பயிருக்கு மட்டும் வைத்துக்கொள்வோம்.

உருமாற்றம் என்பது நகல் எடுக்கும்போது ஓர் எழுத்து தப்பாக விழுவது. மறுசேர்க்கை வேறு. அதில் ஒரு வைரஸின் வரியில் ஒரு பகுதி கழன்று, இன்னொரு வைரஸின் பகுதி அந்த இடத்தில் வந்து உட்காரும். உருமாற்றம் எழுத்தெழுத்தாக நடக்கும், மறுசேர்க்கையில் நூற்றுக்கணக்கான எழுத்துகள் ஒரே தாவலில் மாறும்.

ஒரு குழப்பத்தையும் இங்கேயே தீர்த்துவிடலாம். மரபணு மறுசேர்க்கைக்கும் மரபணு மாற்றப் பயிர்களுக்கும் சம்பந்தமில்லை. இது மனிதர் யாரும் கைவைக்காமல், செடியின் உயிரணுவுக்குள் தானாக நடப்பது. தக்காளியைச் சுருட்டும் வைரஸ் அந்தத் தக்காளியைச் சாப்பிடுகிறவருக்கு நோய் தராது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

வெள்ளை ஈ சுமக்கும் வைரஸ்

நம் பக்கத்துத் தக்காளி இலைச்சுருட்டை, மிளகாய் இலைச்சுருட்டை, மரவள்ளி தேமல், பீர்க்கன் பாகலில் வரும் மஞ்சள் தேமல் ஆகியவற்றுக்குப் பெரும்பாலும் பெகோமோவைரஸ் என்ற ஒரே குடும்பக் கிளைதான் காரணம். இவற்றின் துகள் இரட்டைப் பழம்போல் ஒட்டிக்கொண்டிருக்கும். உள்ளே வட்டமான டி.என்.ஏ. இருக்கும். அதன் நீளம் சுமார் 2,700 முதல் 2,800 எழுத்துகள். அச்சடித்தால் ஒரு பக்கத்தில் அடங்கிவிடும். அந்த ஒரு பக்கம்தான் ஒரு ஏக்கர் தக்காளியை முடக்கிப்போடுகிறது.

சில பெகோமோவைரஸ்களுக்கு இந்த வட்டம் ஒன்றே. வேறு சிலவற்றுக்கு இரண்டு, அவற்றை ஏ துண்டு, பி துண்டு என்பார்கள். ஏ துண்டில் நகலெடுப்பதற்கும் உறை கட்டுவதற்கும் வேண்டிய செய்தி இருக்கும். பி துண்டில் செடிக்குள் உயிரணுவிட்டு உயிரணு நகர்வதற்கான செய்தி இருக்கும். தக்காளியில் தென்னிந்தியாவில் பரவலாகக் காணப்படும் பெங்களூரு இலைச்சுருள் வைரஸ் ஒற்றை வட்டக்காரர். தக்காளியோடு பீர்க்கன், பாகல் போன்ற கொடிப்பயிர்களையும் பிடிக்கும் புதுதில்லி இலைச்சுருள் வைரஸ் இரட்டை வட்டக்காரர். போதாக்குறைக்கு, ஒற்றை வட்ட வைரஸ்களோடு சுமார் 1,350 எழுத்து நீளமுள்ள பீட்டா துணைக்கோள் என்ற இன்னொரு சிறு வட்டம் ஒட்டிக்கொண்டு வந்து நோயின் கடுமையைக் கூட்டுவதும் உண்டு.

இவற்றையெல்லாம் செடிக்குச் செடி கொண்டுபோவது வெள்ளை ஈ. நோயுற்ற செடியில் அரை மணி நேரம் சாறு உறிஞ்சினாலே போதும், வைரஸ் அதன் உடம்புக்குள் போய்விடும். சில மணி நேரம் கழித்து உமிழ்நீர் வழியாக அடுத்த செடிக்கு இறங்கத் தொடங்கும். ஒருமுறை ஏற்றிக்கொண்ட ஈ வாரக்கணக்கில் அதைச் சுமந்து திரியும். மருந்து அடித்தும் நோய் நிற்காததற்கு இதுவும் ஒரு காரணம். ஈ சாவதற்குள் வேலையை முடித்துவிடுகிறது.

1999இல் கிருஷ்ணகிரியை ஒட்டியிருக்கும் கோலாரில், வெள்ளை ஈயின் பி வகை என்ற வெளிநாட்டு வகை கண்டுபிடிக்கப்பட்டது. அதிகமாகப் பெருகுவது, பல பயிர்களில் மேய்வது என்று உலகெங்கும் பெயரெடுத்த வகை அது. வைரஸ்களின் கலப்பைப் பற்றிப் பேசும்போது ஈயின் கதை ஏன் என்று தோன்றலாம். ஒரு பயிரோடு நின்றுவிடாத ஈதான் வெவ்வேறு பயிர்களில் தனித்தனியாக வாழ்ந்த வைரஸ்களை ஒரே செடிக்குள் கொண்டுவந்து சேர்க்கிறது.

கலப்பு எப்படி நடக்கிறது

ஒரு பழைய ஏட்டுச்சுவடியைப் பெயர்த்தெழுதுகிறவரை நினைத்துக்கொள்ளுங்கள். அவர் முன்னால் ஒரே நூலின் இரண்டு சுவடிகள் விரிந்திருக்கின்றன. முதல் சுவடியைப் பார்த்து எழுதிக்கொண்டே வருகிறார். நடுவில் ஏடு ஒடிந்திருக்கிறது. கண் பக்கத்துச் சுவடிக்குப் போகிறது. அதே வரியிலிருந்து அதைப் பார்த்துத் தொடர்கிறார். எழுதி முடித்த மூன்றாவது சுவடியில் முற்பாதி ஒரு பாடம், பிற்பாதி இன்னொரு பாடம். அந்தப் பாடம் அதற்கு முன் எங்கும் இருந்ததில்லை.

செடியின் உயிரணுவுக்குள் நடப்பதும் இதுதான். பெகோமோவைரஸ் உயிரணுவின் உட்கருவுக்குள் போய் வட்டத்தைச் சுற்றிச் சுற்றி நகலெடுக்கிறது. முடியாமல் அறுந்து நிற்கும் நகல்கள் ஏராளம். அந்த அறுந்த முனை அருகில் இருக்கும், எழுத்து ஒத்துப்போகும் இன்னொரு வட்டத்தின்மேல் போய்ப் படிந்து, அதைப் பார்த்து நகலை முடித்துக்கொள்ளும். பக்கத்தில் இருப்பது அதே வைரஸின் வட்டமானால் எந்த மாற்றமும் தெரியாது. வேறு வைரஸின் வட்டமானால் கலப்பு பிறந்துவிடும். ஆர்.என்.ஏ. வைரஸ்களிலும் நகலெடுக்கும் நொதி ஒரு வரியிலிருந்து இன்னொரு வரிக்குத் தாவுகிறது. உருளைக்கிழங்கின் ஒய் வைரஸில் கிழங்கின் தோலில் வளையம் வளையமாக அழுகலை உண்டாக்கும் திரிபு அப்படிப் பிறந்த கலப்புதான்.

இதிலிருந்து மூன்று செய்திகள் கிடைக்கின்றன.

1. கலப்பு நடக்க இரண்டு வைரஸ்கள் ஒரே வயலில் இருந்தால் போதாது. ஒரே செடியில், ஒரே உயிரணுவுக்குள் இருக்க வேண்டும். கூட்டுத் தொற்றுதான் இதற்கு வாசல்.

2. நேரம் கூடக் கூட வாய்ப்பும் கூடும். தக்காளி மஞ்சள் இலைச்சுருள் வைரஸ்களில் இரண்டை ஒரே செடியில் ஏற்றி ஆய்வுக்கூடத்தில் பார்த்தபோது, சில மாதங்களில் கலப்புகள் தாராளமாகத் தோன்றின. வயலில் நெடுநாள் நிற்கும் நோயுற்ற செடி அந்த நேரத்தை இலவசமாகக் கொடுக்கிறது.

3. பிறக்கும் கலப்புகளில் மிகப் பெரும்பாலானவை உருப்படாதவை. ஒரு வைரஸின் நகலெடுப்புப் புரதம் தன் வட்டத்தில் உள்ள குறிப்பிட்ட எழுத்துக்கோவையைத்தான் அடையாளம் காணும், பூட்டும் சாவியும்போல. பூட்டு ஒன்றிடமிருந்தும் சாவி இன்னொன்றிடமிருந்தும் வந்தால் அந்த வட்டம் பெருகாது. பிழைத்து நிற்பது எப்போதாவது ஒன்று. அந்த ஒன்றுக்குச் சாதகமான பயிரும் ஈயும் காத்திருந்தால்தான் அது நோயாக வெடிக்கும்.

நம் குச்சிக்கிழங்கே ஒரு சாட்சி

கலப்பு வைரஸ் என்றால் வெளிநாட்டுச் செய்தி என்று நினைக்க வேண்டாம். அரூர், பாப்பிரெட்டிப்பட்டி பக்கம் மரவள்ளிக் காட்டில் இறங்கிப் பாருங்கள். இலையில் வெளிர்பச்சையும் மஞ்சளும் திட்டுத்திட்டாக, ஓரம் கோணி, விரல் ஒடுங்கியிருக்கிறதே, அந்தத் தேமல் நோயின் வரலாற்றிலேயே கலப்பு இருக்கிறது.

மரவள்ளி தென்னமெரிக்காவிலிருந்து வந்த பயிர். அது பிறந்த ஊரில் இந்தத் தேமல் வைரஸ்கள் கிடையாது. ஆப்பிரிக்காவிலும் இந்தியாவிலும், அங்கங்கே இருந்த செடிகளிலிருந்து வைரஸ் மரவள்ளிக்குத் தாவியது என்பதே அதற்குப் பொருள். இந்தியாவில் மரவள்ளியைத் தாக்குபவை இரண்டு: இந்திய மரவள்ளி தேமல் வைரஸ், இலங்கை மரவள்ளி தேமல் வைரஸ். பெயரில் இலங்கை இருந்தாலும் தமிழ்நாட்டு மரவள்ளியில் பரவலாக இருப்பது இரண்டாவதுதான்.

2002இல் இந்த இரண்டின் டி.என்.ஏ.வையும் ஒப்பிட்டு ஓர் ஆய்வு வெளியானது. இரண்டின் ஏ துண்டுகளும் தெளிவாக வேறு வேறு. பி துண்டுகளோ நெருங்கிய உறவு. ஆய்வாளர்கள் வந்த முடிவு: இலங்கை வைரஸின் மூதாதை ஒற்றை வட்டக்காரராக இருந்தது. ஏதோ ஒரு செடியில் இந்திய வைரஸோடு சேர்ந்து வாழ்ந்தபோது அதன் பி துண்டைத் தனதாக்கிக்கொண்டது. சும்மா கைப்பற்றினால் பூட்டும் சாவியும் பொருந்தாது என்று பார்த்தோம். அதனால் அந்த இடத்தில் மறுசேர்க்கையும் நடந்தது. தன் ஏ துண்டில் உள்ள பூட்டுப் பகுதி பி துண்டிலும் பதிந்தது. அதன் பிறகு ஒரே சாவி இரண்டையும் திறந்தது.

பக்கத்து வீட்டு ஏரைக் கடன் வாங்கி உழுத கதையல்ல இது. ஏரையே எடுத்துக்கொண்டு, தன் மாட்டுக்கு ஏற்றாற்போல் நுகத்தடியையும் மாற்றிக்கொண்ட கதை. இப்படி உருவான வைரஸ் 2015இல் கம்போடியாவில் காணப்பட்டது. அடுத்த சில ஆண்டுகளில் வியட்நாம், தாய்லாந்து, சீனா என்று பரவியது. பரப்பியதில் ஈக்குப் பங்கு உண்டு. ஆனால் நெடுந்தூரம் கொண்டுபோனது விதைக்குச்சி. நோயுள்ள செடியிலிருந்து வெட்டிய கரணை, வைரஸையும் சேர்த்தே முளைக்க வைக்கிறது. நம் பக்கத்தில் அறுவடை முடிந்ததும் குச்சியைக் கட்டாகக் கட்டி ஊர்விட்டு ஊர் விற்கிற பழக்கத்தை இந்த வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். ஒரு வட்டாரத்து வைரஸ் இன்னொரு வட்டாரத்து வைரஸைச் சந்திப்பதற்கு லாரி வாடகையை நாமே கொடுக்கிறோம்.

கலப்பு பயிரைச் சாய்த்த இடங்கள்

உகாண்டா: 1980களின் கடைசியில் அங்கே மரவள்ளியில் கடும் தேமல் கிளம்பியது. ஆண்டுக்கு 20 முதல் 30 கிலோமீட்டர் வேகத்தில் நகர்ந்து நாட்டையே சூழ்ந்தது. சோற்றுக்கு மரவள்ளியை நம்பியிருந்த மக்கள் பட்டினியில் விழுந்தார்கள். 1997இல் காரணம் தெரிந்தது. கிழக்கு ஆப்பிரிக்க மரவள்ளி தேமல் வைரஸின் உறைப் புரத மரபணுவின் நடுப்பகுதி கழன்று, அங்கே ஆப்பிரிக்க மரவள்ளி தேமல் வைரஸின் பகுதி வந்து உட்கார்ந்திருந்தது. அந்தக் கலப்புத் திரிபு தனியாகவும் கொடியது, தன் உறவுக்கார வைரஸோடு ஒரே செடியில் சேர்ந்தால் இன்னும் கொடியது. நம் ஊரில் குச்சிக்கிழங்கு சேகோ ஆலைக்குப் போகிறது, விளைச்சல் போனால் கடன் மிஞ்சும். அங்கே அடுப்பே அணைந்தது.

பாகிஸ்தான்: 1980களின் பிற்பகுதியில் முல்தான் பகுதியில் தொடங்கிய பருத்தி இலைச்சுருட்டையை 1990களில் எதிர்ப்பு ரகங்கள் அடக்கின. அந்த எதிர்ப்புக்கு மூலமாக இருந்தவற்றில் ஒன்று, நம் கோயம்புத்தூரில் உருவான எல்.ஆர்.ஏ. 5166 பருத்தி. சில ஆண்டுகள்தான் நிம்மதி. 2001 வாக்கில் புரேவாலா என்ற ஊரில் எதிர்ப்பு ரகங்களிலேயே இலை சுருண்டது. அங்கிருந்து எடுத்த வைரஸில், முல்தான், கோக்ரான் என்று பெயர்பெற்ற இரண்டு பருத்தி இலைச்சுருள் வைரஸ்களின் பகுதிகள் ஒட்டியிருந்தன. எதிர்ப்பைத் தாண்டியது அந்தக் கலப்புதான்.

ஸ்பெயின்: தக்காளி மஞ்சள் இலைச்சுருள் வைரஸ்கள் இரண்டு கலந்து மலாகா வைரஸ் என்று பெயர்பெற்ற புதியது பிறந்தது. பெற்றோரில் ஒன்று பீன்ஸைப் பிடிக்கும், மற்றது மணத்தக்காளி இனத்துக் களையில் தங்கும். பிள்ளையால் இரண்டிலும் வாழ முடிந்தது. தக்காளி இல்லாத காலத்திலும் அதற்கு வீடு இருந்தது. தக்காளிக்குப் பிறகு அதே குச்சியில் பீன்ஸ் ஏற்றுகிற, வரப்பில் மணத்தக்காளி தானாக முளைத்து நிற்கிற நம் தோட்டங்களில் இதை இரண்டு முறை படித்துப் பார்க்கலாம்.

எதிர்ப்பு ரகம் எப்படித் தோற்கிறது

தக்காளியின் காட்டு உறவினங்களிலிருந்து எடுத்துச் சேர்த்த டி.ஒய்-1, டி.ஒய்-2, டி.ஒய்-3 போன்ற மரபணுக்கள்தான் எதிர்ப்பு ரகங்களின் முதுகெலும்பு. இவற்றை எல்லா வைரஸுக்கும் ஒரே கதவு என்று நினைப்பது தவறு. டி.ஒய்-2 சில ஒற்றை வட்ட வைரஸ்களை நன்றாகத் தடுக்கும், இரட்டை வட்ட வைரஸ்களிடம் தடுமாறும். டி.ஒய்-1 வைரஸை அறவே விரட்டுவதில்லை. செடிக்குள் அதன் பெருக்கத்தை அடக்கிவைக்கிறது, செடி அதோடு வாழ்ந்து காய்க்கிறது. ஆகவே விதை உறையில் எதிர்ப்பு என்ற சொல்லுக்குப் பதிலாகத் தாங்குதிறன் என்று அச்சடிப்பதே பல ரகங்களுக்கு நேர்மையாக இருக்கும் என்பது என் கருத்து. எந்த வைரஸுக்கு எதிராகச் சோதித்தது என்பதையும் போட வேண்டும்.

மொராக்கோவில் நடந்தது இந்த இடத்தில் மிக முக்கியம். அங்கே டி.ஒய்-1 உள்ள தக்காளி பரவலாகப் பயிரான பிறகு, ஐ.எஸ்.76 என்று பெயரிடப்பட்ட கலப்பு வைரஸ் தோன்றித் தன் பெற்றோர் இருவரையும் ஓரங்கட்டியது. அது வாங்கிக்கொண்ட பகுதி வெறும் 76 எழுத்துகள். எதிர்ப்பு இல்லாத சாதாரணத் தக்காளியில் அந்த 76 எழுத்தால் அதற்குப் பெரிய ஆதாயம் இல்லை. எதிர்ப்பு ரகத்துக்குள் மட்டும் அது பெற்றோரை முந்தியது. அதாவது எதிர்ப்பு ரகமே சல்லடையாகி, அதைக் கடக்கக்கூடிய கலப்பைப் பொறுக்கி எடுத்துக் கொடுத்தது.

எதிர்ப்பு ரகம் வேண்டாம் என்று இதற்குப் பொருளல்ல. பெங்களூரு ஹெசரகட்டாவில் உள்ள இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனம் தந்த அர்கா ரக்ஷக் போன்ற ரகங்களால் பயன் அடைந்தவர்கள் ஏராளம். ரகத்தை மட்டும் நம்பி, அதன் நிழலில் வெள்ளை ஈயையும் நோயுற்ற செடிகளையும் கண்டுகொள்ளாமல் விட்டால் அந்த ரகத்தின் ஆயுளை நாமே குறைக்கிறோம் என்பதுதான் பொருள்.

தருமபுரியிலும் கிருஷ்ணகிரியிலும் வாய்ப்பு ஏன் அதிகம்

இங்கே தக்காளிக்குப் பருவம் என்று ஒன்று இல்லை. காரிமங்கலத்தில் பறித்துக்கொண்டிருக்கும்போது சூளகிரியில் நட்டுக்கொண்டிருப்பார்கள், வேப்பனப்பள்ளியில் பூ விட்டிருக்கும். ஈக்கும் வைரஸுக்கும் ஒரு நாளும் பட்டினி இல்லை. பக்கத்து வயலில் மிளகாய், அதற்கடுத்து பீர்க்கன் பந்தல், தாண்டினால் ஒன்பது பத்து மாதம் நிலத்தில் நிற்கும் மரவள்ளி. குழித்தட்டு நாற்றுகள் மாநில எல்லையைத் தாண்டி இரு பக்கமும் போய் வருகின்றன. ஒரு வட்டாரத்துத் திரிபு இன்னொரு வட்டாரத்துக்குப் பயணச்சீட்டு இல்லாமல் வந்துசேர இதைவிட வசதி வேண்டியதில்லை.

இவை எல்லாவற்றையும்விட நான் கவலைப்படும் காரணம் ஒன்று உண்டு. அது விலை. 2023 ஜூலையில் தக்காளி கிலோ 100 ரூபாயைத் தாண்டியதை ஊரே பேசியது. பறிகூலிக்குக்கூடக் கட்டாமல் பழத்தைச் செடியிலேயே விடும் மாதங்களைப் பற்றிப் பேச ஆள் இல்லை. விலை விழுந்ததும் தண்ணீரை நிறுத்திவிட்டுத் தோட்டத்தை அப்படியே விட்டுவிடுகிறோம். செடியைப் பிடுங்குவதற்கும் கூலி வேண்டுமே, அதை எங்கிருந்து கொடுப்பது? அப்படி நிற்கும் தோட்டம்தான் வைரஸுக்கு உச்சபட்ச வசதி. வயதான செடிகள், பெரும்பாலானவற்றில் தொற்று, பலவற்றில் ஒன்றுக்கு மேற்பட்ட வைரஸ், மருந்து அடிப்பவர் யாரும் இல்லை, வெயிலில் மூன்று வாரத்துக்கு ஒரு தலைமுறை என்று ஈ பெருகுகிறது. முன்பு சொன்ன மூன்று செய்திகளில் வந்த கூட்டுத் தொற்றும் நேரமும் அங்கே முழுமையாகக் கிடைக்கின்றன. செடி காயத் தொடங்கியதும் ஈக்கள் மொத்தமாகக் கிளம்பிப் பக்கத்துக் கொல்லையின் இளநாற்றில் இறங்குகின்றன.

ஆகவே கைவிடப்பட்ட தோட்டத்தை அழிப்பதற்கான கூலியை அந்த விவசாயி தலையில் மட்டும் கட்டுவது நியாயமில்லை. அதனால் காப்பாற்றப்படுவது சுற்றியுள்ள பத்துத் தோட்டங்கள். ஊரக வேலைத் திட்டத்திலோ வேறு திட்டத்திலோ இதற்கு வழி செய்தால், புது மருந்துக்கு மானியம் கொடுப்பதைவிட அது பயன் தரும் என்று உறுதியாக நம்புகிறேன்.

சுருண்ட இலை எல்லாம் கலப்பு வைரஸ் அல்ல

கலப்பு வைரஸைச் சந்தேகிப்பதற்கு முன் இந்த வரிசையில் பார்ப்பது நல்லது.

1. கடும் வெயிலில் அடி இலைகள் மட்டும் உள்நோக்கிச் சுருண்டு, கொழுந்து பச்சையாக நன்றாக இருந்தால் அது செடி தண்ணீரைச் சிக்கனப்படுத்துவது. நோயல்ல.

2. பக்கத்தில் சோளத்துக்கோ கரும்புக்கோ 2,4-டி களைக்கொல்லி அடித்திருந்தால், அதன் சாரல் பட்ட தக்காளியின் கொழுந்து முறுக்கி, இலை நூல்போல் ஒடுங்கும். வரப்போரச் செடிகளில் அதிகமாகவும் உள்ளே போகப் போகக் குறைவாகவும் இருக்கும்.

3. மிளகாயில் இலைப்பேனும் சிலந்தியும்கூட இலையைச் சுருட்டும். இலையின் அடியைத் திருப்பிப் பார்த்தால் தெரிந்துவிடும். இலைப்பேன் உறிஞ்சினால் ஓரம் மேல்நோக்கியும் சிலந்தி உறிஞ்சினால் கீழ்நோக்கியும் மடங்குவது வழக்கம்.

4. நாற்று மேட்டிலேயே தொற்று ஏறியிருக்கலாம். நட்ட மூன்று நான்கு வாரத்துக்குள் வயல் முழுக்கச் சீராகச் சுருண்டால் முதல் சந்தேகம் நாற்றின்மேல். ஓரத்திலிருந்து உள்நோக்கிப் பரவினால் வெளியிலிருந்து வந்த ஈ.

5. வைரஸ் அதேதான், ஆனால் வாங்கிய ரகம் அந்த வைரஸுக்காகத் தயாரானதல்ல. வயலில் நடப்பதில் பெரும்பகுதி இந்த வகை என்றே நினைக்கிறேன்.

இவை ஐந்தும் இல்லை என்றால், ஒரே ரகம் ஒரே பருவத்தில் பல ஊர்களில் ஒன்றுபோலத் தோற்றால், அப்போது புதுத் திரிபைப் பற்றிப் பேசலாம்.

பரிசோதனை ஏன் சிலநேரம் ஏமாற்றுகிறது

வழக்கமான பி.சி.ஆர். பரிசோதனை வைரஸின் முழு வட்டத்தையும் படிப்பதில்லை. ஒரு சிறு துண்டை மட்டும் பெருக்கிப் பார்க்கிறது. கலப்பு வைரஸில் அந்தத் துண்டு ஒரு பெற்றோருடையதாக இருந்தால், பரிசோதனை அந்தப் பெற்றோரின் பெயரையே சொல்லும். மற்ற பாதி மறைந்துவிடும். சுவடியின் முதல் ஏட்டை மட்டும் புரட்டிவிட்டு முழுப் பாடத்தையும் பார்த்ததாகச் சொல்வதுபோல. அதனால்தான் முழு ஏ துண்டையும் படித்து ஒப்பிடுகிறார்கள். மற்ற எந்த வைரஸோடும் 91 சதவீதத்துக்குக் கீழே மட்டும் ஒத்தால் அது புது இனம். அதற்கு மேல் ஒத்து, 94 சதவீதத்தை எட்டாவிட்டால் ஒரே இனத்தின் புதுத் திரிபு. பெகோமோவைரஸ்களுக்கு இதுதான் இப்போது உலக வழக்கு.

வயலில் எதை மாற்றலாம்

வைரஸ் ஏறிய செடியைக் குணப்படுத்த மருந்து இல்லை. கலப்பைத் தடுக்கவும் நேரடி மருந்து இல்லை. நம் கையில் இருப்பது சந்திப்பைக் குறைப்பது, இரண்டு வைரஸ்கள் ஒரே செடியில் சேரும் வாய்ப்பையும் சேர்ந்திருக்கும் நாளையும் சுருக்குவது.

நாற்று ஈ புகாத நெருக்கமான நைலான் வலைக்குள் வளர்ந்ததா என்று கண்ணால் பார்த்து வாங்க வேண்டும். வயலைச் சுற்றி இரண்டு மூன்று வரிசை மக்காச்சோளம் அல்லது சோளத்தைத் தக்காளிக்கு முன்பே விதைத்து வளர்த்தால் தாழப் பறந்து வரும் ஈக்குத் தடையாகும். முதல் மாதத்தில் சுருளும் செடியைப் பரிதாபம் பார்க்காமல் பிடுங்கிப் புதைக்க வேண்டும். காய்ப்புக்கு வந்த பிறகு பிடுங்குவதில் அவ்வளவு பயன் இல்லை. மரவள்ளியில் குச்சி வெட்டுவதற்கு முன், செடியில் இலை இருக்கும்போதே தேமல் இல்லாத செடிகளுக்குத் துணி கட்டி அடையாளம் வைத்து, அவற்றிலிருந்து மட்டும் விதைக்குச்சி எடுக்க வேண்டும். இலை உதிர்ந்த பிறகு எல்லாக் குச்சியும் ஒன்றுபோல்தான் தெரியும்.

இவை தனி ஆள் செய்யக்கூடியவை. ஊர் கூடிச் செய்யவேண்டியது இடைவெளி விடுவது. டொமினிக்கன் குடியரசில் 1990களில் இலைச்சுருள் வைரஸ் தக்காளியை அழித்தபோது, ஆண்டில் மூன்று மாதம் வெள்ளை ஈக்குப் பிடித்த பயிர் எதுவும் வயலில் இருக்கக்கூடாது என்று அரசு சட்டம் போட்டது. தக்காளி அங்கே மீண்டது. மூன்று மாதம் இங்கே நடக்காது. சிறு விவசாயிக்கு அந்த மூன்று மாத வருமானத்தை யார் கொடுப்பது? ஆனால் ஓர் ஏரிப்பாசனத்து ஊர்கள் சேர்ந்து ஒரு மாதம் தக்காளியும் மிளகாயும் இல்லாமல் ராகியோ சோளமோ போட முடியும். ஏற்கெனவே ராகி விளைகிற மண்தான் இது.

சந்தேகம் வலுவாக இருந்தால் பாப்பாரப்பட்டியில் உள்ள வேளாண் அறிவியல் மையத்துக்கோ பையூர் ஆராய்ச்சி நிலையத்துக்கோ மாதிரி கொண்டுபோகலாம். காய்ந்த அடி இலையை எடுக்க வேண்டாம், நோய் தெரியும் இளங்கொழுந்தை எடுங்கள். ஒரே செடியிலிருந்து எடுக்காமல் வயலின் வெவ்வேறு மூலைகளில் ஐந்தாறு செடிகளில் எடுத்து, ஒவ்வொன்றையும் தனித்தனிக் காகித உறையில் போடுங்கள். எல்லாவற்றையும் ஒரே பையில் திணித்தால் இரண்டு செடிகளில் தனித்தனியாக இருந்த வைரஸ்கள் ஒரே செடியில் இருந்ததுபோல் தோன்றிவிடும். கூடவே விதை உறையையும் எடுத்துப்போங்கள். அதன் பின்னால் நட்ட தேதி, நாற்று வாங்கிய ஊர், சுருள் முதலில் தெரிந்த நாள், நாலு பக்கமும் என்ன பயிர் என்பதை எழுதிவையுங்கள்.